என்டர் தட்டினால் நட்சத்திரம்

'அனுப்புநர்' என்று அடித்துவிட்டீர்களா? நல்லது. அதற்குக் கீழே இடம் விட்டுவிடுங்கள், பெயரைப் பிறகு சொல்கிறேன். பெறுநர், பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். பொருள்... பொருளில்தான் சிக்கல். நான்கு பக்கம் கையால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், பார்த்து அப்படியே அடித்துவிடலாம்தான். ஆனால் உங்களுக்குப் புரியாமல் நீங்கள் அடித்தால் உள்ளே இருக்கிற கிளார்க்குக்கும் புரியாது. உங்களுக்குப் புரிந்துவிட்டால் அவருக்கும் புரியும். அதனால் முதலில் வாயால் சொல்லிவிடுகிறேன் அம்மா. கவுண்டர் ஐந்து மணி வரைக்கும் உண்டுதானே? இப்போது மூன்று ஆகப்போகிறது. போதும். போதும்தானே?

தண்ணீர் வேண்டாம். சரி, கொடுங்கள்.

நான் இருபத்திரண்டு வருஷம் ஹாம்பர்க்கில் இருந்தவன். ஜெர்மனி. துறைமுகத்துக் கிரேன்களுக்குள் ஓடுகிற புரோகிராம் எழுதுவது என் வேலை. சி மொழியில். நான் எழுதிய வரியை நம்பி நாற்பது டன் பெட்டி அந்தரத்தில் தொங்கும். ஒரு பெட்டி விழுந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தொழில் தெரியாதவன் செய்த வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. இருந்தாலும்.

போன வருஷம் திரும்பி வந்தேன். ஏன் வந்தாய் என்று எல்லாரும் கேட்டார்கள். பத்தாவது வரை தமிழில் படித்தவன், அதற்குப் பிறகு எல்லாமே இங்கிலீஷ். நாற்பத்தைந்து தாண்டினால் கணக்கு ஒரு மொழியிலும் கவலை இன்னொரு மொழியிலும் ஓட ஆரம்பித்துவிடுகிறது. கவலை ஓடுகிற மொழிப் பக்கமே போய்விடலாம் என்று தோன்றியது, வந்துவிட்டேன். எங்கள் பக்கத்து இன்ஜினியரிங் காலேஜில் லேப் பொறுப்பு கொடுத்தார்கள். பெயர் இப்போது வேண்டாம்.

லேபில் போய்ப் பார்த்தால் சி புரோகிராம் அடிக்கிற அதே பழைய நீலத் திரை. நான் படித்த காலத்தில் எந்த நீலத்தில் அடித்தேனோ அதே நீலம். பிள்ளைகள் புரோகிராமை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள், பாட்டுப் போல. எல்லாவற்றுக்கும் கடைசியில் 'கெட்ச்' என்று ஒரு வரி. ஏம்ப்பா இந்த வரி எதற்கு என்றால், "ரெக்கார்டு நோட்ல இருக்கு சார்." நோட்டில் ஏன் இருக்கிறது? "சீனியர் நோட்ல இருந்துச்சு சார்." விசை ஒன்றைத் தட்டும்வரை திரையை மூடாதே என்று அந்தக் காலத்தில் யாரோ வைத்த வரி. யாருக்கும் அர்த்தம் தெரியாது. விட்டுவிட்டால் மட்டும் பயம்.

கம்ப்யூட்டர்களும் பழசு, விண்டோஸைச் சுமக்க முடியவில்லை. நான் பாரம் குறைந்த லினக்ஸுக்கு மாற்றலாம் என்றேன். எங்கள் ஹெச்.ஓ.டி. வேலம்மை மேடம் நல்ல மனுஷிதான், உடனே சொன்னார்கள்: "சார், நீங்க வெளியூர்ப் பழக்கத்துல இருக்கீங்க. பிள்ளைங்க கைக்குப் பழகுனதைக் கலைச்சிராதீங்க. அதுங்க அடிக்கிறது கை, மூளை இல்ல."

"ஒரு கமாகூட மாத்த வேண்டாம் மேடம். ஒரு ஃபைல் எழுதி வெச்சிடறேன். பிள்ளைங்க பழசையே அடிக்கட்டும், புதுசுல ஓடும்."

"ஓடும்லா?"

"கிரேனே ஓடியிருக்கு மேடம்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ஃபைல் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இதுதான் கடிதத்துக்கு முக்கியம். அந்த நீலத் திரையில் கெட்ச் என்றால், தட்டிய எழுத்து அந்த நொடியே புரோகிராம் கைக்குப் போய்விடும். லினக்ஸில் கெட்ச் கிடையாது. அங்கே வழக்கம் வேறு. நீங்கள் தட்டத் தட்ட எல்லாவற்றையும் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, என்டர் தட்டிய பிறகுதான் புரோகிராமிடம் கொடுக்கும். அதை மடியில் வைக்காதே, வந்ததை வந்தபடி உடனே கொடு என்று சொல்லி நாற்பது வரி. நல்ல நாற்பது வரி அம்மா, அதில் ஒரு வரி அநாவசியம் கிடையாது. பதினொரு வருஷத்துக்குப் பிறகு, கம்பெனி சொல்லாமல் எனக்காக நானே எழுதிய புரோகிராம்.

இல்லை, யார் எழுதியது என்று போட வேண்டாம். 'ஆய்வகத்தில் நிறுவப்பட்டிருந்த ஒரு துணைக் கோப்பு.' அவ்வளவு போதும். இது தொழில்நுட்பக் குறிப்பு. ஆளைப் பற்றியது இல்லை.

சரி, தேர்வு. போன வியாழக்கிழமை. அரியர் பிள்ளைகள் மட்டும், ஏழு பேர். அதில் அந்தப் பெண். வயது இருபத்தைந்து இருக்கும். எட்டு செமஸ்டரும் முடித்துவிட்டாள். முதல் வருஷத்து சி லேப் ஒன்றுதான் பாக்கி. முதல் தடவை அம்மை போட்டு வரவில்லை, இரண்டாம் தடவை பயத்தில் கோட்டை விட்டாள், அப்புறம் ஏதேதோ. பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு சிறப்பு வாய்ப்பு கொடுத்தது. இதற்குப் பிறகு கிடையாது. இது போனால் பட்டமே இல்லை. இதற்கு நடுவில் ஒரு அரசுப் பரீட்சை எழுதி ஜெயித்திருக்கிறாள். வருகிற இருபத்தெட்டாம் தேதி சான்றிதழ் சரிபார்ப்பு. கையில் பட்டம் இல்லாமல் போனால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். புரிகிறதா? ஒரு லேப், மூன்று மணி நேரம். அதில் அவளுக்கு எல்லாமே தொங்குகிறது.

தேர்வுக்கு முன்னால் லேப் பொறுப்பாளர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். 'அனைத்துக் கணினிகளும் மென்பொருள்களும் சோதிக்கப்பட்டு நல்ல நிலையில் உள்ளன.' எல்லாக் காலேஜிலும் உண்டு. போட்டேன்.

கேள்வியைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். டப்பாவில் இருபத்துமூன்று சீட்டு. எல்லாரும் சாமி கும்பிட்டுக் கை விடுவார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பாஸ்வேர்டு புரோகிராம். பேங்க் மெஷினில் பார்த்திருப்பீர்களே, ரகசிய எழுத்தை அடித்தால் எழுத்துக்குப் பதில் நட்சத்திரம் விழும். என்டர் தட்டினால் நின்றுவிடும். சரியா தவறா என்று சொல்லும். இருக்கிறதிலேயே சின்னது. பக்கத்துப் பையனிடம், "எனக்குத் தண்ணிபட்ட பாடு இது" என்று சொன்னாள், என் காதில் விழுந்தது.

இருபது நிமிஷத்தில் அடித்துவிட்டாள். ஓட்டினாள். ஆறு எழுத்து தட்டினாள், ஆறு நட்சத்திரம். என்டர் தட்டினாள்.

ஏழாவது நட்சத்திரம்.

மறுபடி தட்டினாள். எட்டாவது. ஒன்பதாவது. என்டர் தட்டத் தட்ட நட்சத்திரம் நீண்டுகொண்டே போகிறது. வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் பின்னால் வந்து நின்று பார்த்தார். "என்னம்மா இது, வானத்தைக் காட்டறே?" ஏழு பேரில் மூன்று பேர் சிரித்தார்கள்.

"சார், என்டர்தான் தட்டுதேன் சார். ஸ்டார் விழுது."

எங்கள் லேப் அசிஸ்டென்ட் தளவாய் வந்தான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. "சார், கீபோர்டுக்குள்ள வயர் மாறிப்போச்சு சார். ஆயுத பூசைக்குப் பொரி போட்டானுவல்லா, உள்ள போயிருக்கும். என்டர் கீ ஸ்டார் கீயா ஆயிட்டுது." கவிழ்த்துத் தட்டினான். நிஜமாகவே இரண்டு பொரி விழுந்தது! எல்லாருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. வேறு கீபோர்டு மாட்டினான். நட்சத்திரம். இன்னொன்று, புதுசு, பிளாஸ்டிக் உறை பிரிக்காதது. நட்சத்திரம். அதற்குள் அவள் புரோகிராமை அழித்துவிட்டு முதலிலிருந்து அடித்தாள். அதே வரிகள், அதே நட்சத்திரம். தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது அவளுக்கு. சரியாக இருந்ததை எல்லாம் மாற்ற ஆரம்பித்தாள்.

நானா? பின்னாலேயே நின்றேன். ஸ்டாஃப் பிள்ளைகளின் சிஸ்டத்தைத் தொடக் கூடாது, அது விதி. மூளையும் ஓடவில்லை. மூன்று கீபோர்டிலும் ஒரே மாதிரி என்றால் கீபோர்டில் இல்லை என்று குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. புதுசு கொண்டுவா, புதுசு கொண்டுவா என்று தளவாயை நான்தான் விரட்டிக்கொண்டிருந்தேன். அவள் எக்ஸ்டர்னலைப் பார்க்கவில்லை அம்மா. திரும்பித் திரும்பி என்னையே பார்த்தாள். 'சார் பார்த்துக்கிடுவாங்க' என்கிற மாதிரி.

மணி அடித்துவிட்டது. எக்ஸ்டர்னல் வாய்மொழிக் கேள்வி கேட்டார், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். "வாய்ல நல்லாத்தாம்மா ஓடுது, மிஷின்ல ஓடலையே," என்று சொல்லிவிட்டு, 'வெளியீடு கிடைக்கவில்லை' என்று எழுதினார்.

சனிக்கிழமை நான் மட்டும் லேபுக்குப் போய் உட்கார்ந்தேன். பத்து நிமிஷம். பத்தே நிமிஷம்தான் ஆனது.

நீங்கள் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவர்தானே? சுவரில் சர்டிஃபிகேட் மாட்டியிருக்கிறீர்களே. அப்படியானால் உங்களுக்கு ஒரு வார்த்தையில் புரிந்துவிடும். வரி முடிந்தால் என்ன செய்வோம்? நெம்புகோலைத் தள்ளுவோம். அதில் நடப்பது இரண்டு காரியம். ஒன்று, வண்டி ஓரத்துக்குத் திரும்புகிறது. இரண்டு, காகிதம் ஒரு வரி மேலே ஏறுகிறது. கம்ப்யூட்டர்காரர்கள் அந்த இரண்டுக்கும் தனித்தனி எண் வைத்தார்கள். வண்டி திரும்புவதற்குப் பதின்மூன்று. காகிதம் ஏறுவதற்குப் பத்து. நீலத் திரையில் என்டர் தட்டினால் கெட்சுக்கு வருவது பதின்மூன்று. லினக்ஸில் அதே என்டர், பத்தாக மாறி வரும். பிள்ளைகள் நோட்டில் என்ன இருக்கிறது? 'பதின்மூன்று வரும்வரை வாங்கு.' அவள் தட்டியதெல்லாம் பத்து, பத்து, பத்து. புரோகிராம் என்ன செய்யும் பாவம்? இதுவும் ஒரு எழுத்துதான் போலிருக்கிறது என்று ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருந்தது. வராத பதின்மூன்றுக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள், அவளும் புரோகிராமும்.

அந்தத் துணைக் கோப்பில் ஒரே ஒரு வரி விட்டுப்போயிருந்தது. பத்து வந்தால் பதின்மூன்று என்று மாற்றிக் கொடு. அந்த வரியைச் சேர்த்தேன். அவள் புரோகிராமை, முதலில் அடித்தாளே அதை, அப்படியே திரும்ப அடித்து ஓட்டினேன். முதல் என்டரில் நின்றது. 'சரி' என்று சொன்னது. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது அம்மா. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்டுபிடித்துவிட்டோம் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது.

சோதித்தேனா என்றா கேட்கிறீர்கள்? சோதித்தேனே. இருபத்துமூன்று புரோகிராமில் இருபத்திரண்டை லேபிலேயே ஓட்டிப் பார்த்தேன். கடைசி ஒன்றுக்கு முன்னால், அந்தப் பாஸ்வேர்டு புரோகிராமுக்கு முன்னால், கரன்ட் போய்விட்டது. அதை மட்டும் வீட்டில், என் லேப்டாப்பில் ஓட்டினேன். ஓடியது. ஆனால் என் லேப்டாப் விண்டோஸ். அங்கே அந்தத் துணைக் கோப்புக்கு வேலையே இல்லை, பழைய கெட்ச்தான் ஓடியிருக்கும். ஓடாததை ஓடியதாக நினைத்துவிட்டேன். இருபத்துமூன்றில் இருபத்திரண்டு. சதவீதம் பார்த்தால் தொண்ணூற்றைந்துக்கு மேல். இதெல்லாம் கடிதத்துக்கு வேண்டாம்.

திங்கட்கிழமை மேடத்திடம் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்கள். "சார், இதை நீங்க எழுத்துல குடுத்தா லேபுக்கு அங்கீகாரம் போகும். தேர்வு மையம் போகும். நானூறு பிள்ளைங்க வேற ஊருக்குப் பரீட்சைக்கு அலையணும். ஒரு பிள்ளைக்காகவா?"

"அவளுக்கு அடுத்த வாய்ப்பு கிடையாது மேடம்."

"எனக்கு மட்டும் வயித்தெரிச்சல் இல்லையா சார்? நான் ஒண்ணும் சொல்லலை. உங்க மனசுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்க," என்றார்கள். அப்படிச் சொன்னால் ஒரு மனிதன் என்ன செய்வான்?

அதனால்தான் இந்தக் குறிப்பு. யாரையும் குற்றம் சொல்லாமல், காலேஜ் பெயரை இழுக்காமல், இரண்டு இயக்குமுறைமைகளுக்கு நடுவில் இப்படி ஒரு வேறுபாடு உலகம் முழுக்க இருக்கிறது, மாணவர்கள் பாதிக்கப்படலாம் என்று, வெளியாள் ஒரு நிபுணர் எழுதுகிற மாதிரி. அவள் மனுவோடு இதையும் சேர்த்துப் பார்த்தால் அதிகாரிகளே புரிந்துகொள்வார்கள்.

ஆமாம், அவளும் மனு கொடுக்கிறாள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி அழுதாள். "எங்க சார் தப்புப் பண்ணுனேன்? ராத்திரி பூரா மனசுக்குள்ள ஓட்டிப் பாக்கேன் சார், சரியாத்தான் வருது." நான் பொறுமையாகச் சொன்னேன்: "ஆராய்ச்சி பண்ணாதேம்மா. பயத்துல தப்பு நடந்துட்டுது, மன்னிச்சு இன்னொரு வாய்ப்பு குடுங்கன்னு பணிவா எழுது. நியாயம் கேட்டா விதியைப் பாப்பாங்க, கருணை கேட்டா மனசு இரங்குவாங்க." அனுபவத்தில் சொன்னதுதான். அவள் கேட்டுக்கொண்டாள். நல்ல பெண்.

என்ன?

ஆமாம். தெரியும். சனிக்கிழமை கண்டுபிடித்தேன் என்றுதானே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்கும்போது எனக்குத் தெரியும்தான். ஆனால் அதைப் போனில் எப்படி விளக்குவது? பத்து, பதின்மூன்று, வண்டி, காகிதம் என்று... அழுகிற பெண்ணிடம்...

இல்லை, நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். மணி என்ன? மூன்றரையா? சரி, முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கணினி இயக்குமுறைமைகளில் விசைப்பலகை உள்ளீட்டு வேறுபாடு...'

யார்? இசக்கியம்மாளா?

அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னேனா நான்? சொல்லவில்லையே. நீங்கள் எப்படி...

இங்கேயா? இதே நாற்காலியிலா? எப்போது, காலையில் பத்து மணிக்கா? கேட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிற கடை, எல்லாரும் இங்கேதான் வருவார்கள், சரிதான். தனியாகவா வந்தாள்? அப்பாவோடா. அவர் வெளியே நின்றாரா.

அந்த லெட்டர் இன்னும் உங்கள் மெஷினில் இருக்கிறதா? பிறத்தியார் லெட்டரைக் காட்டக் கூடாதுதான். தெரியும். ஒரு தடவை மட்டும். நான் வாத்தியார் அம்மா, அவளுடைய வாத்தியார். திரையைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள்.

'ஐயா, நான் என்டர் விசையைப் பலமுறை அழுத்தியும் நிரல் நிற்கவில்லை. பயத்தில் எங்கோ தவறு செய்திருக்கிறேன். எது என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் தவறு என்னுடையதே. ஆய்வக ஆசிரியர் எனக்காக மூன்று விசைப்பலகைகள் மாற்றிக் கொடுத்தார். அவர் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார். கல்லூரி மீதோ அவர் மீதோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. எனக்கு மறுவாய்ப்பு...'

என் பெயர் போட்டிருக்கிறாளா? கீழே கொஞ்சம் தள்ளுங்கள். போடவில்லை. அப்பாடா.

...

அப்பாடா என்றா சொன்னேன்?

இதைக் கொடுத்துவிட்டாளா? உள்ளே கொடுத்தாயிற்றா? தவறு என்னுடையதே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அப்புறம் அதில் பார்க்க என்ன இருக்கிறது? 'மாணவியே ஒப்புக்கொண்டுள்ளார்' என்று ஒரு வரி எழுதிக் கட்டி வைத்துவிடுவார்கள். என் நாலு பக்கம் அதற்கு மேலே போய் உட்கார்ந்தால் என்ன ஆகும்? உலகத்தில் வேறுபாடு இருக்கிறதாம், மாணவி மட்டும் தன் தவறு என்கிறாளாம். என் குறிப்பு அவளுக்கு உதவாது. எனக்குத்தான் உதவும்.

அவளே உங்களிடம் சொன்னாளா, சார் சொல்லிக் கொடுத்த மாதிரி அடிங்க என்று? சொன்னாளா.

இப்போது எங்கே இருக்கிறாள்? உள்ளேயா? சாயங்காலம் பதில் சொல்கிறோம் என்று வராண்டாவில் உட்கார வைத்திருக்கிறார்களா? மத்தியானம் வந்து ஒரு டீ வாங்கிக்கொண்டு போனாளா. அப்படியானால் நான் கவுண்டருக்குப் போக அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். வணக்கம் சார் என்று எழுந்து நிற்பாள். அவள் அப்பாவும் எழுந்து நிற்பார்.

மணி? மூணே முக்கால்.

இந்த நாலு பக்கத்தையும் அந்தக் கூடையில் போட்டுவிடுங்கள். இல்லை, நானே போடுகிறேன். நீங்கள் அடித்ததை அழிக்க வேண்டாம், அனுப்புநர் இருக்கட்டும். பெயர் பெ. அறவாழி, ஆய்வகப் பொறுப்பாளர். காலேஜ் பெயர் இந்த அடையாள அட்டையில் இருக்கிறது, முழுசாகப் போடுங்கள். பொருள் என்று ஒன்றும் வேண்டாம். எழுதுங்கள்.

'செல்வி இசக்கியம்மாள் எழுதிய நிரல் சரி. அவர் அழுத்திய விசையும் சரி. ஆய்வகத்தில் நான் எழுதி வைத்த கோப்பு தவறு. அதை அந்த ஆய்வகத்தில் சோதிக்காமலே சோதித்ததாகக் கையெழுத்திட்டேன்.' வேகமாகச் சொல்கிறேனா? இல்லை, இதே வேகத்தில் சொன்னால்தான் வரும். 'தவறு என்னுடையது என்று சனிக்கிழமையே எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, தவறு தன்னுடையது என்று எழுதும்படி அவரிடம் சொன்னவன் நான். அவர் மனுவில் உள்ள அந்த வரியைக் கணக்கில் கொள்ள வேண்டாம்.'

அவ்வளவுதான். இப்படிக்கு. வேறு ஒன்றும் வேண்டாம்.

திரையைத் திருப்பாதீர்கள் அம்மா. எனக்குக் காட்ட வேண்டாம். படித்தால் திருத்திவிடுவேன். பிரிண்ட் கொடுங்கள், கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று மட்டும் விரலால் காட்டுங்கள்.